நாலு பாடகர், ஏழு வாத்தியம்: பாக்கின் இசைக்கு இது போதுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘ஆக்டுஸ் டிராஜிகுஸ்’ கான்டாட்டாவை (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்து நிகழ்த்தும் பல பகுதிப் பாட்டு) ஒரு பரோக் குழு, அதாவது சுமார் 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பிய இசையை அந்தக் காலத்து வாத்தியங்களில் வாசிக்கும் குழு, நிகழ்த்தும் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்கள். மேடையில் நாலே பாடகர்கள். அவர்களைச் சுற்றி ஏழு பேர் வாசிக்கிறார்கள், வயலின் ஒன்றுகூட இல்லை. ‘இவ்வளவு பெரிய மேதையின் இசையை முழு ஆர்கெஸ்ட்ராவும் பெரிய கோரஸும் வைத்துப் பாடினால் என்ன? பழைய வாத்தியங்களைத் தேடிப் பிடித்து வாசிப்பது மியூசியம் வேலைதானே?’ என்பது உங்கள் சந்தேகம். கூடவே, இந்த மாதிரி இசையை எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மியூசியம் வேலை இல்லை. பழசு என்பதற்காக மட்டும் ஒரு வாத்தியத்தை எடுத்து வாசிக்கிறவர்கள் சிலர் இருக்கலாம். நல்ல குழுக்கள் அப்படிச் செய்வதில்லை. அந்த வாத்தியங்களில் ஒலி எழும்பிய உடனே தேயத் தொடங்குகிறது. அந்தத் தேய்வு விடும் இடைவெளியில்தான் பாடுகிறவரின் சொல் நமக்கு வந்து சேர்கிறது. பரோக் காலத்து வாய்ப்பாட்டு முழுக்க முழுக்கச் சொல்லை நம்பி எழுதப்பட்டது. அதனால் வாத்தியத்தை மாற்றினால் பாட்டின் பொருளே கொஞ்சம் மாறிப்போகிறது. நீங்கள் பார்த்த அதே கான்டாட்டாவை வைத்தே இதைக் காட்ட முடியும்.

இதை பாக் ம்யூல்ஹவுசன் ஊரில் புனித பிளேசியுஸ் தேவாலயத்து ஆர்கன்காரராக இருந்த 1707-1708 வாக்கில் எழுதினார் என்பது பொதுவான கருத்து. வயது இருபத்திரண்டுதான். அவர் கையெழுத்துப் பிரதி கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருப்பதில் பழையது, அவர் இறந்து பதினெட்டு வருஷம் கழித்து 1768-ல் எடுத்த நகல். சாவைப் பற்றிய பாட்டு இது. சொற்களில் பெரும்பகுதி நேராக வேதாகமத்திலிருந்தும் லூத்தரன் ஞானப்பாட்டுகளிலிருந்தும் எடுத்தவை. கேட்டிருக்கும் வாத்தியங்கள்: இரண்டு ரெக்கார்டர் (நேராகப் பிடித்து ஊதும் மரக்குழல்), இரண்டு வயோலா ட காம்பா (வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம், சுருக்கமாகக் காம்பா), அப்புறம் அடித்தளமாக ஓடும் பேஸ் வரிசை, அதாவது கீழ் ஸ்தாயி வரிசை. அவ்வளவுதான். வயலின் இல்லாதது குழுவின் சிக்கனம் அல்ல, பாக் எழுதியதே அப்படித்தான். எல்லாமே மெல்லிய குரல் உள்ள வாத்தியங்கள்.

நடுவில் ஒரு பகுதி வருகிறது. ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்ற மூன்று கீழ்க்குரலும் ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு, ‘இது பழைய உடன்படிக்கை: மனிதா, நீ செத்தாக வேண்டும்’ என்று கறாராகப் பாடுகின்றன. அவற்றுக்கு மேலே உச்சக்குரலான சோப்ரானோ தனியாக, ‘ஆம், கர்த்தராகிய இயேசுவே, வாரும்’ என்று திரும்பத் திரும்ப அழைக்கிறது. இது இரண்டு அடுக்கு. மூன்றாவது அடுக்கு ஒன்றும் உண்டு: ரெக்கார்டர்களும் காம்பாக்களும் சொல்லே இல்லாமல் ஒரு ஞானப்பாட்டின் மெட்டை வாசிக்கின்றன. ‘என் காரியத்தைக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டேன்’ என்று தொடங்கும் பாட்டு அது. அன்றைய சபையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த மெட்டு மனப்பாடம். வாத்தியம் வாசித்தாலே சொல் மனதில் ஓடிவிடும். சட்டம் ஒன்று சொல்கிறது, ஏங்கும் உயிர் ஒன்று சொல்கிறது, சபையின் நம்பிக்கை வாய் திறக்காமல் மூன்றாவதைச் சொல்கிறது. மூன்றும் ஒரே நேரத்தில்.

(இந்த ஞானப்பாட்டு மரபு நமக்கு அந்நியமில்லை. பாக் ம்யூல்ஹவுசனில் வேலைக்குச் சேர்ந்ததற்கு முந்தைய வருஷம், 1706 ஜூலையில், லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். ஜெர்மன் மெட்டில் தமிழ்ச் சொல் பாடும் வழக்கம் நம் லுத்தரன் சபைகளில் இன்றைக்கும் உண்டு.)

இப்போது இதே இடத்தில் அறுபது பேர் கோரஸை நிறுத்திப் பாருங்கள். கீழ்க்குரல் மூன்றும் நாற்பத்தைந்து தொண்டைகளில் முழங்கும். இரண்டு ரெக்கார்டரின் மெட்டு அதில் எங்கே கேட்கும்? மூன்றாவது அடுக்கு அப்படியே மூழ்கிவிடும். சரி, ரெக்கார்டருக்குப் பதில் உலோகப் புல்லாங்குழல் நாலு, காம்பாவுக்குப் பதில் செல்லோ நாலு என்று வைத்தால்? ஒலி கேட்கும். ஆனால் ஒவ்வொரு சுரமும் கனத்து, நீண்டு, அடுத்த சுரத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது சொல் மங்கும்.

அந்தப் பகுதியின் முடிவுதான் முக்கியம். கீழ்க்குரல்கள் ஒவ்வொன்றாக விலகுகின்றன. வாத்தியங்களும் விலகுகின்றன. கடைசியில் சோப்ரானோ மட்டும் துணையே இல்லாமல் அந்தப் பெயரைச் சொல்லி நின்றுவிடுகிறது. நாம் எதிர்பார்க்கும் முடிப்பு வருவதில்லை. அதற்குப் பிறகு பாக் ஒரு முழு பாரை (தாளத்தின் ஒரு சுற்றை) வெறுமையாக விட்டு, அதன் மேல் நிறுத்தக் குறி போட்டிருக்கிறார். அதாவது மௌனத்தையும் சுரம் மாதிரி எழுதி வைத்திருக்கிறார். அங்கே பாடுகிறது ஒரே ஒரு குரலாக இருந்தால், ஒரு மனிதரின் மூச்சு நின்ற மாதிரி இருக்கும். பதினைந்து சோப்ரானோக்கள் ஒன்றாக நிறுத்தினால் அது நல்ல ஒழுங்கு, வேறொன்றும் இல்லை. கோரஸ் மேல் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் இந்த ஒரு இடத்துக்காகவே இந்தப் பாட்டை நாலு பேர்தான் பாட வேண்டும் என்று சொல்வேன்.

வாத்தியங்களுக்கு வருவோம். வயோலா ட காம்பா பார்க்க செல்லோவின் உறவுக்காரர் மாதிரி இருந்தாலும் குடும்பமே வேறு. பெரும்பாலும் ஆறு தந்தி. பிரான்சில் ஏழு தந்தி வைத்தும் செய்தார்கள். தந்தி உலோகமல்ல, ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்தது. கழுத்தில், வீணையில் இருப்பது மாதிரி, விரல் வைக்கும் மெட்டுகள் உண்டு. அவையும் குடல் நாரைச் சுற்றிக் கட்டியவைதான், சுருதிக்குத் தேவைப்பட்டால் கொஞ்சம் மேலே கீழே நகர்த்திக்கொள்ளலாம். அடியில் ஊன்றுகோல் கிடையாது, இரண்டு கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு வாசிக்கிறார்கள். அடுத்த முறை வீடியோவைப் பார்க்கும்போது வாசிப்பவரின் வலது கையைக் கவனியுங்கள். உள்ளங்கை மேலே பார்த்தபடி வில்லைப் பிடித்திருப்பார். நடுவிரல் வில்லின் மயிரையே தொட்டு அழுத்திக்கொண்டிருக்கும். அந்த ஒரு விரலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, சுரம் எப்படித் தொடங்க வேண்டும் என்று அவர் தீர்மானிக்கிறார். குடல் தந்தியில் வில் பிடிக்கும் அந்த முதல் கணத்தில் மெல்லிய உராய்வு ஒன்று கேட்கும். அது குறையல்ல, பேச்சில் மெய்யெழுத்து செய்யும் வேலையை அது செய்கிறது.

பரோக் வயலினும் இப்படித்தான். நம் காலத்து வில்லின் வடிவம் 1780-களில் பாரிஸில் ஃபிரான்சுவா தூர்த் கையில் உருவானது. நுனி முதல் அடிவரை ஒரே பலத்தோடு சுரத்தை நீட்டுவதற்கு ஏற்றது அது. அதற்கு முந்தைய வில் வெளிப்பக்கமாக லேசாக வளைந்தது, நுனியில் எடை குறைவு. கீழே இழுத்தால் பலம், மேலே தள்ளினால் மென்மை. சொல்லில் ஒரு அசை அழுத்தமாகவும் அடுத்தது லேசாகவும் விழுவது போலவே வில்லும் தானாக விழுகிறது. இன்றைய வயலின்காரர் இதைச் செய்ய முடியாது என்றில்லை, முயற்சி எடுத்துச் செய்ய வேண்டும். பழைய வில்லில் முயற்சி எடுத்தால்தான் அதைத் தவிர்க்க முடியும்.

ரெக்கார்டரில் இன்னொரு சிக்கல். ஓங்கி ஊதினால் சத்தம் கூடுவதோடு சுருதியும் ஏறிவிடும். அதனால் சத்தத்தை ஏற்றி இறக்கி உணர்ச்சி காட்ட அதிகம் வழியில்லை. எல்லாம் நாக்கில்தான். நம் புல்லாங்குழல்காரர்கள் துத்துகாரம் என்று சொல்கிறார்களே, அதுதான். ஜெர்மன் புல்லாங்குழல் கலைஞர் குவான்ட்ஸ் 1752-ல் வெளியிட்ட புல்லாங்குழல் நூலில் ‘தி’, ‘டி’, ‘ரி’ என்று எந்தச் சுரத்துக்கு எந்த எழுத்தை நாக்கில் வைத்து ஊத வேண்டும் என்று பக்கம் பக்கமாக விளக்குகிறார். வாய் திறந்து பாடாத வாத்தியத்துக்கும் அந்தக் காலத்தவர்கள் எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

அப்புறம், நீங்கள் ‘நீளக் கழுத்து வீணை’ என்று எழுதியிருந்த வாத்தியம். அதன் பெயர் தியோர்போ. பொதுவாகப் பதினாலு தந்தி. சில வாத்தியங்கள் ஆளுயரத்துக்கும் மேலே போகும். கழுத்தின் மேல்பகுதியில் தனியாக ஓடும் நீண்ட தந்திகளை விரலால் அழுத்துவதில்லை, வெறுமனே மீட்டுவார்கள். கீழ் ஸ்தாயி அங்கிருந்து வருகிறது. பாடகருக்குத் துணையாக இருக்கவே இத்தாலியில் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய வாத்தியம் இது. இத்தாலியப் பாடகரும் இசையமைப்பாளருமான கச்சினி 1602-ல் வெளியிட்ட பாட்டுத் தொகுப்பின் முன்னுரையில், பாட்டுக்கு, அதிலும் டெனர் குரலுக்கு, இதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்று எழுதியிருக்கிறார். ஆக்டுஸ் டிராஜிகுஸ் நகலில் தியோர்போ என்று குறிப்பில்லை. நீங்கள் பார்த்த குழு தன் விருப்பப்படி சேர்த்திருக்கிறது. எனக்கு அது பிடிக்கும். ஆர்கன் ஒலி நிலையாக நிற்க, அதன் மேல் தியோர்போ ஒவ்வொரு தாளத்தின் தொடக்கத்தையும் தொட்டுக் காட்டுகிறது.

ஆர்கன், தியோர்போ, கீழ் ஸ்தாயித் தந்தி வாத்தியம் இவை சேர்ந்த கூட்டணிக்குக் கன்டினுவோ என்று பெயர். இந்தக் குழுக்களின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இசையமைப்பாளர் எழுதிக் கொடுப்பது ஒற்றை பேஸ் வரிசை மட்டும். அதன் மேலோ கீழோ 6, 7, 4-3 என்று எண்கள் இருக்கும். எந்தச் சுரங்களைச் சேர்த்து ஒலிக்க வேண்டும் என்பதை அந்த எண் சொல்லும். எத்தனை சுரம், எந்த ஸ்தாயியில், ஒன்றாக அழுத்துவதா உதிர்த்துப் போடுவதா, எங்கே கையை எடுப்பது — இதெல்லாம் வாசிப்பவரின் முடிவு, அந்த நிமிஷத்து முடிவு. கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்தே அடுத்து என்ன வரும் என்று பிடித்துக்கொள்வதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது சட்டென்று விளங்கும். மூன்று நாலு பேர் அப்படி நெருங்கி உட்கார்ந்து செய்யலாம். எண்பது பேரை வைத்துக்கொண்டு முடியாது. அங்கே ஒருவர் நின்று கையசைத்தாக வேண்டும்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் பாக் அல்ல, இத்தாலிய இசையமைப்பாளர் மொன்டெவெர்டி. 1638-ல் வெளியான எட்டாவது மாட்ரிகல் (கவிதைக்குப் பல குரல்களில் அமைத்த பாட்டு) தொகுப்பில் ‘தேவதைப் பெண்ணின் புலம்பல்’ என்று ஒரு சிறிய பாட்டு. கைவிடப்பட்ட பெண் ஒருத்தி புலம்புகிறாள். மூன்று ஆண் குரல்கள் ஓரமாக நின்று ‘பாவம்’ என்று இரங்குகின்றன. பேஸில் இறங்கும் நாலு சுரம் மட்டும் விடாமல் சுற்றிச் சுற்றி வருகிறது. மொன்டெவெர்டி அங்கே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்: ஆண்கள் கையின் தாளத்துக்குப் பாட வேண்டும், அந்தப் பெண் கையின் தாளத்துக்குப் பாடக் கூடாது, தன் மனத்தின் உணர்ச்சித் தாளத்துக்குப் பாட வேண்டும். நல்ல குழு இதைச் செய்யும்போது பேஸ் வரிசை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நூலிழை தாமதிக்கும், இல்லை முந்தும், பாடுகிறவரின் மூச்சைப் பொறுத்து. தியோர்போக்காரரின் கண் தாளில் இருக்காது, அந்தப் பெண்ணின் வாயில் இருக்கும்.

சுருதியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். இன்றைய பொதுச் சுருதியில் ‘ஏ’ என்ற சுரம் நொடிக்கு 440 அதிர்வு. 1939-ல் லண்டனில் கூடிய மாநாட்டில் ஒப்புக்கொண்டது. பரோக் குழுக்கள் பெரும்பாலும் 415-ல் வாசிக்கின்றன, நம் கணக்கில் அரைக்கட்டை குறைவு. பிரெஞ்சு இசைக்கு 392 வரை இறங்குகிறார்கள். ஆனால் பழைய ஐரோப்பா முழுவதும் 415-ல் பாடியது என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு ஊர் வேறுபட்டது, ஒரே தேவாலயத்துக்குள்ளேயே இரண்டு சுருதி இருந்தது. ஜெர்மன் ஆர்கன்கள் பல 465 பக்கம் இருந்தன. மர ஊதுவாத்தியங்கள் அதைவிட ஒரு முழுக்கட்டை கீழே. அதனால்தான் ஆக்டுஸ் டிராஜிகுஸில் ரெக்கார்டருக்கு ஒரு ஸ்கேலும் மற்றவர்களுக்கு வேறு ஸ்கேலும் வருகிறது. இன்றைய குழுக்கள் சில எல்லாரையும் மேலே ஏற்றுகின்றன, சில எல்லாரையும் கீழே இறக்குகின்றன.  இரண்டு விதமாகவும் கேட்டுப் பாருங்கள், பாட்டின் நிறமே மாறும்.

நாலு பாடகர் என்பது எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயமா? இல்லை. 1981-ல் ஜோஷுவா ரிஃப்கின் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர், பாக் தன் தேவாலய இசையைப் பொதுவாகக் குரலுக்கு ஒருவர் வைத்தே பாடினார் என்று ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தார். அவருடைய முக்கிய ஆதாரம், கிடைத்திருக்கும் பாட்டுத் தாள்களில் பெரும்பாலும் குரலுக்கு ஒரு பிரதிதான் இருக்கிறது என்பது. எதிர்த்தவர்கள் பாக்கே 1730-ல் லைப்சிக் நகரசபைக்கு எழுதிய விண்ணப்பத்தைக் காட்டினார்கள். அதில் ஒரு கோரஸுக்குக் குறைந்தது பன்னிரண்டு பேர், பதினாறு பேர் இருந்தால் இன்னும் நல்லது என்று கேட்டிருக்கிறார். ரிஃப்கின் தரப்பு, அது மொத்தப் பட்டியலின் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் பாடுகிறவர்களின் எண்ணிக்கை அல்ல என்றது. பாக் இசையை நடத்தும் டச்சுக்காரர் டான் கோப்மன் ஒத்துக்கொள்ளவில்லை. பாக்கின் பி மைனர் மாஸ் (திருப்பலி இசை) மாதிரி பெரிய படைப்புகளில் நான் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை, இரண்டு விதமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் இரண்டு ரெக்கார்டருக்கும் இரண்டு காம்பாவுக்கும் எழுதிய பாட்டில் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

பழைய வாத்தியங்களில் பழைய முறையில் வாசிக்கும் இந்த இயக்கம் எங்கிருந்து வந்தது என்றால், ஆர்னல்ட் டோல்மெட்ச் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பழைய வாத்தியங்களைச் செப்பனிட்டும் புதிதாகச் செய்தும் வாசிக்கத் தொடங்கினார். பெரிய திருப்பம் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது. இங்கிலாந்தில் ஆல்ஃபிரட் டெல்லர் கவுண்ட்டர்டெனர் குரலை (ஆண் பாடும் மேல் ஸ்தாயிக் குரல்) மேடைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். வியன்னாவில் நிகோலாஸ் ஹார்னன்கோர்ட் பகலில் சிம்பனி ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ வாசித்துக்கொண்டே, மனைவி ஆலிஸோடும் நண்பர்களோடும் 1953-ல் தனிக்குழு தொடங்கினார். பொது மேடை ஏறியது 1957-ல்தான். நடுவில் இருந்த வருஷங்கள் முழுக்க வாத்தியத்தைக் கற்றுக்கொள்வதிலேயே போனது. கற்றுக்கொடுக்க ஆளில்லை, பழைய நூல்கள்தான் குரு. அவரும் ஆம்ஸ்டர்டாமின் குஸ்டாவ் லியோன்ஹார்ட்டும் பிரித்துக்கொண்டு பாக்கின் தேவாலயக் கான்டாட்டாக்களை 1971 முதல் 1990 வரை பதிவு செய்தார்கள். 1800-க்கு முந்தைய இசை பேசுகிறது, பிந்தைய இசை வண்ணம் தீட்டுகிறது என்பது ஹார்னன்கோர்ட் வலியுறுத்திய கருத்து. நான் மேலே சொன்னதெல்லாம் அதன் நீட்சிதான்.

மியூசியம் என்ற உங்கள் சந்தேகத்தில் ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ரிச்சர்ட் டாரஸ்கின் என்ற ஆய்வாளர், ‘உண்மையான பழைய ஒலி’ என்று விற்கப்படுவது இருபதாம் நூற்றாண்டின் ரசனைதான் என்று 1980-களில் கடுமையாக எழுதினார். வேகமான நடை, அசைவில்லாத சுத்தமான குரல், உணர்ச்சியில் ஒரு கட்டுப்பாடு எல்லாம் நம் காலத்துக்குப் பிடித்தவை என்றார். பெருமளவுக்குச் சரி. 415 என்பதே ஒரு வசதி. 440-க்கு அரைக்கட்டை கீழே இருப்பதால் ஹார்ப்சிகார்டின் (பியானோவுக்கு முந்தைய, தந்தியை மீட்டும் விசை வாத்தியம்) விசைப்பலகையை ஒரு கட்டை நகர்த்தினால் போதும். மேடையில் நீங்கள் பார்த்த சின்னப் பெட்டி ஆர்கனும் அப்படித்தான். பாக் மாடியில் இருந்த முழு ஆர்கனையே பயன்படுத்தினார். பெட்டி ஆர்கன் நம் காலத்துக் கச்சேரி மேடைக்கு ஏற்ற ஏற்பாடு. ஆகவே ‘அன்று கேட்டது அப்படியே இதுதான்’ என்று ஒரு குழு சொன்னால் நம்பாதீர்கள். ‘இந்த வாத்தியத்தில் வாசித்தபோது இந்தச் சொல் எங்களுக்கு இப்படிக் கேட்டது’ என்று சொன்னால் உட்கார்ந்து கேளுங்கள்.

எதில் தொடங்கலாம்? ஆக்டுஸ் டிராஜிகுஸையே தொடருங்கள். கொன்ராட் யுங்ஹேனல் நடத்திய கான்டுஸ் கோல்ன் குழுவின் பதிவு குரலுக்கு ஒருவர் வைத்தது. சொல் தெளிவில் அதற்கு நிகராக எனக்கு அதிகம் தெரியாது. மசாகி சுஸுகி 1990-ல் தொடங்கிய பாக் கொலேகியம் ஜப்பான், கோபே நகரத்துச் சிற்றாலயம் ஒன்றில் எல்லாத் தேவாலயக் கான்டாட்டாக்களையும் 1995 முதல் 2013 வரை பதிவு செய்தது; இது அதன் இரண்டாவது தொகுதியில் இருக்கிறது. ஜெர்மன் தாய்மொழியாக இல்லாதவர்கள் ஜெர்மன் சொல்லை இவ்வளவு கவனமாக உச்சரிப்பதைக் கேட்பது தனி அனுபவம். இவற்றுக்கு நேர் எதிராக, கார்ல் ரிக்டர் மியூனிக் பாக் கோரஸை வைத்து 1960-களில் செய்த பதிவையும் கேளுங்கள். அது மோசமான பதிவு அல்ல, பக்தியோடு செய்தது. ஆனால் மூன்று அடுக்கு வரும் அந்த நடுப்பகுதியில் ரெக்கார்டர் மெட்டைக் காதால் பிடிக்க முயன்று பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

அதற்கு அடுத்து இத்தாலியர் பெர்கொலேசியின் ‘ஸ்டாபாட் மாட்டெர்’, சிலுவையருகே நின்ற மரியாளைப் பற்றிய லத்தீன் பாட்டு. 1736-ல், இருபத்தாறு வயதில் அவர் இறந்த வருஷம் எழுதியது. இரண்டு குரல், தந்தி வாத்தியங்கள், கன்டினுவோ மட்டும். உடனே மனதைத் தொடும், முன்பயிற்சி எதுவும் தேவையில்லை. பிறகு புக்ஸ்டெஹூடே 1680-ல் எழுதிய ‘மெம்ப்ரா யேசு நோஸ்ட்ரி’. சிலுவையில் தொங்கும் உடலின் பாதம் தொடங்கி முகம் வரை ஏழு சின்னக் கான்டாட்டாக்கள். ஆறாவது இதயத்தைப் பற்றியது. அங்கே மட்டும் வயலின்களை நிறுத்திவிட்டு ஐந்து காம்பாக்களைக் கொண்டுவருகிறார். அந்த இடம் வரும்போது வேறு வேலையை ஒதுக்கிவைத்துவிட்டுக் கேளுங்கள்.

கேட்கும்போது பாட்டின் சொற்களையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது அவசியம். ஜெர்மன், லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வேதாகம வசனங்கள் வரும் இடங்களில் தமிழ் வேதாகமத்தையே திறந்து வைத்துக்கொள்ளலாம். ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்று பேஸ் பாடும் இடம் லூக்கா 23:43. எந்தச் சொல்லில் எந்த வாத்தியம் நுழைகிறது, எங்கே விலகுகிறது என்று விரல் வைத்துப் பின்தொடர்ந்தால் போதும். ஹெட்ஃபோனில் கேளுங்கள், சத்தத்தை அதிகம் ஏற்றாமல்.